கல் நடாத காணி

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன் எழுதியது)



நிலம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். மண் இருக்கும், எல்லைக் கல் இருக்கும், பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறும் இருக்கும். சர்வே பிராக்டிகலில் செயினை இழுத்துக்கொண்டு உச்சி வெயிலில் நின்ற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மண்ணே இல்லாத நிலத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள், பிளாட் போட்டு விற்கிறார்கள், வாரா வாரம் வாடகையும் வசூல் பண்ணுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? இருபது வருஷத்துக்கு மேலாகவே இது நடந்து வருகிறது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே!

இதை எழுத ஒரு காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வந்த மாதம் 1000 ரூபாயை டீ கூடக் குடிக்காமல் சேர்த்து வைத்திருந்த ஹாஸ்டல் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மெட்டாவெர்ஸ்ல எடம் வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வருதாம்டா. நீ சிவில்தானே, வாங்கலாமா சொல்லு" என்று கேட்டார். செல்போனில் வந்த ஏதோ ஒரு விளம்பரம் அவரைப் பிடித்துக்கொண்டது. சிவில் படித்தால் எல்லா நிலமும் தெரியும் என்று நினைக்கிறார்கள்! அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த உலகம் எப்படி இருக்கும்? நம்ம பக்கத்துச் சம்பவம் ஒன்றைச் சொன்னால் சுலபமாகப் புரியும். 2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியது ஊரில். வரவேற்பு மட்டும் கம்ப்யூட்டருக்குள்ளே, ஹாரி பாட்டர் படத்தில் வரும் கோட்டை மாதிரி வரைந்த மண்டபத்தில்! கொரோனா காலம் என்பதால் உறவுக்காரர்கள் அவரவர் வீட்டில் செல்போனையும் லேப்டாப்பையும் திறந்து உள்ளே போனார்கள். ஆளுக்கொரு பொம்மை உருவம். அதற்குப் பெயர் 'அவதார்'. மணப்பெண்ணின் இறந்துபோன அப்பாவையும் அப்படி ஒரு உருவமாக நிறுத்தி ஆசி வழங்க வைத்தார்கள். இதைப் படித்தபோது, விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அந்த மண்டபம் ஒரு நாள் விசேஷத்துக்கு. அதுபோல ஊரே நிரந்தரமாக இருந்தால்? அதில் இடம் பிடித்து மண்டபமும் கடையும் வீடும் கட்டி வாடகைக்கு விட்டால்? இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது 'செகண்ட் லைஃப்' என்ற உலகம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் என்ற கம்பெனி 2003 ஜூனில் திறந்தது. அங்கே நிலத்தின் அளவு நமக்குப் பிடிக்கும் கணக்கு: ஒரு பிராந்தியம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். பெருக்கினால் 65,536 சதுர மீட்டர், அதாவது 16 ஏக்கர் சொச்சம். அந்த ஊருக்கென்று தனி நாணயம் உண்டு, லிண்டன் டாலர். அதை நிஜ டாலராகவும் மாற்றலாம்.

அதில் கொடி நாட்டியவர் ஐலின் கிரேஃப் என்ற பெண்மணி. சீனாவில் பிறந்து ஜெர்மனியில் குடியிருந்தவர். அந்த உலகத்தில் அவர் பெயர் ஆன்ஷி சுங். மொத்தமாக இடத்தை வாங்குவார், மலை, கடற்கரை என்று அழகு பண்ணுவார், துண்டு துண்டாகப் பிரித்து விற்பார், வாடகைக்கும் விடுவார். நாமக்கல் பைபாஸில் நம்ம ரியல் எஸ்டேட்காரர்கள் செய்கிற அதே வேலை, கொடியும் வண்ணக்கல்லும் மட்டும் இல்லை! 2006 மே மாதம் பிசினஸ் வீக் பத்திரிகை அட்டையில் அவர் அவதாரின் படம் வந்தது. அந்த வருஷம் நவம்பரில், உள்ளே தன் சொத்து மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார். தொடங்கும்போது போட்ட பணம் பத்து டாலருக்கும் குறைவு.

விளம்பரத்தில் இந்த ஒரு கதைதான் வரும். அதே நவம்பரில் நடந்த இன்னொன்று வராது. அந்த மாதம்தான் கம்பெனி புதுத் தீவுக்கு விலை ஏற்றியது. வாங்க 1,675 டாலர். வாங்கிய பிறகும் மாதாமாதம் 295 டாலர் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். (பிற்காலத்தில் இந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள்.) ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தீவை 16 பிளாட்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மாதம் 25 டாலர் வாடகை. பதினாறும் நிரம்பினால் 400 டாலர், லாபம் 105. 12 பேர் இருந்தால் 300 டாலர், லாபம் வெறும் 5. 11 பேராகிவிட்டால் கைக்காசைப் போட வேண்டும். முதலில் போட்ட 1,675 டாலர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் 295 நிற்காது. சொந்த நிலம் என்று சொல்லிக்கொண்டு, நாமே ஒருவருக்கு வாடகை கட்டுகிற மாதிரி இல்லையா?

எங்கள் கொல்லிமலையில் இது வேறு மாதிரி. காட்டில் சாமை போட்டாலும் மரவள்ளி போட்டாலும், யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் மழை பெய்தால் மண் ஏதாவது கொடுக்கும். மிளகுக் கொடியைக் குத்தகைக்கு எடுப்பவர் அதில் மிளகு காய்க்கும் என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறார். கம்ப்யூட்டர் நிலத்தில் விளைவது ஒன்றே ஒன்றுதான், கூட்டம். கூட்டம் போய்விட்டால் தரிசு.

சரி, கூட்டம் வருகிற இடமாகப் பார்த்து வாங்கலாமே என்று அந்த அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. செம்மேடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை இடத்துக்கு ஏன் கிராக்கி? காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பஸ் அங்கே நிற்கும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். டீ குடிக்க இறங்குவார்கள். தூரம்தான் அந்த இடத்துக்கு விலை வைக்கிறது. கம்ப்யூட்டர் உலகத்திலோ ஒரு வளைவும் கிடையாது! பட்டனைத் தட்டினால் நினைத்த இடத்தில் போய் நிற்கலாம். வழியில் கடை போட்டவரை யாரும் பார்க்கப் போவதில்லை. அப்புறம் மெயின் ரோடு ஏது, கார்னர் பிளாட் ஏது?

அளவாகத்தான் நிலம் இருக்கிறது, விலை ஏறியே தீரும் என்பதும் அப்படித்தான். 2020 பிப்ரவரியில் திறந்த 'டிசென்ட்ராலேண்ட்' என்ற உலகம் 301-க்கு 301 கட்டம், மொத்தம் 90,601 மனை. ஒரு மனை 16 மீட்டருக்கு 16 மீட்டர், நம்ம கணக்கில் ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் அதிகம். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் கம்பெனி 'மெட்டா' என்று பெயர் மாற்றியதும் எல்லோருக்கும் ஜுரம் பிடித்தது. அடுத்த மாதமே ஒரு கம்பெனி டிசென்ட்ராலேண்டில் 116 மனைகளைச் சுமார் 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய், ஏழேகால் ஏக்கர்! நம் நாட்டிலும் பாடகர் தலேர் மெஹந்தி 2022-இல் ஹைதராபாத் கம்பெனி ஒன்றின் 'பார்ட்டிநைட்' உலகத்தில் இடம் வாங்கி 'பல்லே பல்லே லேண்ட்' என்று பெயர் வைத்தார். பிறகு ஜுரம் இறங்கியது, டிசென்ட்ராலேண்ட் மனை விலையும் பாதாளத்துக்குப் போனது. 90,601-க்கு மேல் அங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் 'சாண்ட்பாக்ஸ்' என்று இன்னொரு உலகம், அங்கே 1,66,464 மனை. நாளைக்கே மூன்றாவதாக ஒன்று வந்தால் யார் தடுப்பது?

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது என் அப்பா கேட்டது ஒன்றுதான். "பட்டா யாரு பேருல கண்ணு இருக்குது?" பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் கேட்ட கேள்வி, அமெரிக்காவில் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. மார்க் பிராக் என்ற பென்சில்வேனியா வக்கீல் 2006-இல் செகண்ட் லைஃப் ஏலத்தில் 300 டாலருக்கு ஒரு இடம் எடுத்தார். முறைகேடான வழியில் ஏலத்துக்குள் நுழைந்தார் என்று சொல்லி, கம்பெனி அவருடைய கணக்கையே முடக்கிவிட்டது. அந்த ஒரு இடம் மட்டுமல்ல, உள்ளே வைத்திருந்த எல்லாமே போயிற்று. வழக்குப் போட்டார். ஒப்பந்தப்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்றது கம்பெனி. அந்த ஷரத்து ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று 2007 மே மாதம் கோர்ட் சொன்னது. அக்டோபரில் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். அதனால் நிலம் யாருடையது என்ற கேள்விக்குத் தீர்ப்பே வரவில்லை!

டிசென்ட்ராலேண்டில் பட்டா கொஞ்சம் பலம். யார் பெயரில் மனை என்பது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கில் பதிவாகிறது, ஒருவர் நினைத்தால் அழிக்க முடியாது. ஆனால் ஊரைத் திரையில் காட்டுவது சர்வர்கள்தானே. அவை நின்றுபோனால் பட்டா கையில் இருக்கும், ஊர் இருக்காது.

வரி விஷயம் ஒன்று. பிளாக்செயினில் வாங்கி விற்கும் சொத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் லாபத்தில் 30 சதவீத வரி கொண்டுவந்தார்கள். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

அண்ணனிடம் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். இந்த உலகங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே நிற்கும் வீடு, படிக்கட்டு, தூண், நாற்காலி எல்லாம் யாரோ வரைந்து விற்றவை. செகண்ட் லைஃபில் 2011 முதல் வெளியே முப்பரிமாணத்தில் வரைந்த மாடலைக் கொண்டுபோய் உள்ளே ஏற்றலாம். அதற்கு 'பிளெண்டர்' என்ற மென்பொருள் போதும், காசே இல்லை. பிளான், எலிவேஷன், செக்ஷன் போடத் தெரிந்த நமக்கு அது பாதி தெரிந்த வேலைதான். கம்ப்யூட்டர் லேபில் சாயங்காலம் ஒரு சிஸ்டம் கிடைக்குமா என்று நானும் அண்ணனும் லேப் சாரிடம் கேட்டிருக்கிறோம். முதலில் வரையப் போவது எங்கள் ஊர்த் திண்ணை வீடு. சேர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.