பழைய காரின் தொடக்கப் பொத்தானும் நிறுத்தும் ஆளியும்

பழைய மோட்டார்க் கார்களைத் தேடிப் பெற்றுப் பேணுவோர் நம் பழைய மாணவருள் பலர் உளர். புதிய வண்டிகளைப் போலத் தம் வண்டியையும் ஒரு பொத்தானை அழுத்தி இயக்க வேண்டும் என்னும் விருப்பம் இவர்களிடையே அண்மையில் பரவி வருகின்றது. விருப்பம் தவறன்று. ஆயினும், தொடக்குதற்குச் செய்யும் ஏற்பாட்டில் பாதியளவு கவனத்தையேனும் நிறுத்துதற்குச் செய்யாவிடின் விளைவது யாதென்பதை நேரிற் கண்டவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தொழில் நிமித்தம் சம்மாந்துறையில் வாழ்ந்துவரும் எனக்கு, மொரிஸ் மைனர் கார் ஒன்றை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. திருமண வீடொன்றுக்குப் புறப்படுமுன் அதற்குப் புதிய பொத்தான் ஒன்றைப் பூட்டுவித்தார். காரைதீவுச் சந்தியை அடையுமுன் முகப்புப் பலகையின் கீழிருந்து புகை எழுந்தது. நண்பர் திறப்பைத் திருப்பி இழுத்தெடுத்தார். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. வீதியோரத்தில் நின்ற முதிய மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து, பற்றரியின் முனையை முறுக்கிக் கழற்றிய பின்னரே புகை அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஸ்டார்ட் பண்ணப் பட்டன் வெச்சீங்க சேர், நிப்பாட்ட ஒண்டும் வெக்கல்லியே." இக்கட்டுரை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தின் விளக்கமே.

பொத்தான் புதுமையானதன்று. முற்காலத்தில் எஞ்சினை முன்புறத்தில் இரும்புக் கைப்பிடி கொண்டு சுழற்றித் தொடக்கினர். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் தொடக்கி 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிற் பொருத்தப்பட்ட பின்னரே அவ்வச்சம் நீங்கத் தொடங்கியது. 1948இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120 காரில் தொடக்கப் பொத்தான் இருந்தது. அதே ஆண்டில் அலெக் இசிகொனிசின் வடிவமைப்பில் வெளிவந்த மொரிஸ் மைனரின் ஆரம்பகால வண்டிகளிலோ இழுக்கும் குமிழ் ஒன்றே இருந்தது.

ஏறத்தாழ 16 இலட்சம் என்னும் தொகையிற் செய்யப்பட்ட அவ்வண்டி இலங்கையில் நெடுங்காலம் நிலைத்தமைக்கு அதன் எளிய அமைப்பு ஒரு காரணம். இறக்குமதிக் கட்டுப்பாடு மற்றொரு காரணம். 1970 தொடக்கம் 1977 வரையிலான ஆண்டுகளில் புதிய கார் வாங்குதல் அரிதாகவே, உள்ளதைத் திருத்தி ஓட்டும் கலை நம் நாட்டில் வளர்ந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் அக்கலை மீண்டும் கைகொடுத்தது.

இனிப் பொத்தானின் செயலை நோக்குவோம். ஸ்ராட்டர் என நாம் வழங்கும் தொடக்கு மோட்டார், எஞ்சினைச் சுழற்றுகையில் 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 100 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கும். நிலையாய் நின்ற எஞ்சின் அசையத் தொடங்கும் கணத்தில் அது 300 அம்பியரையும் கடக்கலாம். விரலால் அழுத்தும் சிறு பொத்தான் இதனைத் தாங்காது. அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால், விரலை எடுத்த பின்னரும் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். பழைய குமிழ் ஒரு கம்பியை இழுத்து, தடித்த மின்வடத்தின் நடுவிலுள்ள பெரிய ஆளியை மூடியது. பொத்தான் வைப்போர் அவ்வாளிக்குப் பதிலாகச் சொலினோயிட்டு எனப்படும் மின்காந்த ஆளியைப் பூட்டல் வேண்டும். பெரிய மின்னோட்டம் அதனூடே செல்லும். பொத்தானோ அதன் சுருளுக்குரிய சிறு மின்னோட்டத்தை மட்டும் செலுத்தும்.

பொத்தானுக்குரிய மின் எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதும் முக்கியம். பற்றரியிலிருந்து நேரே எடுத்தல் பெரும் பிழை; நண்பரின் வண்டியில் நிகழ்ந்ததும் அதுவே. திறப்பைத் திருப்பிய பின் மட்டும் மின் பெறும் கம்பியிலிருந்து, தனியான உருகி ஒன்றினூடாக எடுத்தல் வேண்டும். அவ்வாறாயின், நிறுத்திவைத்த வண்டியிற் குழந்தை ஒன்று பொத்தானை அழுத்தினாலும் தீங்கில்லை. கியரில் நிற்கும் வண்டியைத் தொடக்கினால் அது முன்னே பாயும் என்பதையும் மறத்தலாகாது. 1946இல் உற்பத்தி தொடங்கிய பெர்குசன் ரீ.ஈ. 20 உழவு இயந்திரத்தில் கியர்த் தண்டைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்தாலன்றி மோட்டார் சுழலாது. உழவனுக்கு அளித்த அப்பாதுகாப்பைப் பழைய கார்கள் பல தம் சாரதிக்கு அளிக்கவில்லை.

பிறிதோர் எச்சரிக்கையும் உண்டு. அக்காலத்து மொரிஸ் மைனர்களில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்று பொதிகளாக விற்கப்படும் இலத்திரனியற் பொத்தான்கள் எதிர்முனை இணைந்த வண்டிகளுக்கென ஆக்கப்பட்டவை. முனை அறியாது இணைப்பின் அவை அப்பொழுதே கெடும்.

அடுத்து நிறுத்தும் ஆளி. மொரிஸ் மைனரில் உருகிகள் இரண்டே இருந்தன. பற்றரியிலிருந்து வரும் தலைமைக் கம்பிக்கு உருகி இல்லை. திறப்பும் அதனைத் துண்டிப்பதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கம்பியின் உறை வெடித்து, உலோகத்தைத் தொட்டதென்க. சுற்றின் மொத்தத் தடை 0.05 ஓம் எனக் கொண்டால், 12ஐ அதனால் வகுக்க 240 அம்பியர். வலு 2,880 உவாற்று. வீட்டில் நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலின் வெப்பத்தினும் கூடிய வெப்பம், பெற்றோற் குழாய்க்கு அருகே பிறக்கின்றது! இதனைத் தடுப்பது பற்றரியை முழுவதும் பிரிக்கும் ஆளி ஒன்றே. தொடர்ச்சியாக 100 அம்பியரையும், சில வினாடிகளுக்கு 500 அம்பியரையும் தாங்கும் ஆளி சிறு கார்களுக்குப் போதியது. வண்டி நெடுநாள் நிற்கையிற் பற்றரி வடியாமற் காத்தலும், கள்வரைத் தடுத்தலும் அதன் மேலதிகப் பயன்கள்.

பற்றரியைப் பிரித்தால் எஞ்சின் நின்றுவிடும் எனப் பலர் எண்ணுவர். அஃது எப்பொழுதும் உண்மையன்று. எஞ்சின் விரைந்து சுழல்கையில் டைனமோ ஆக்கும் மின்னே தீப்பொறிக்குப் போதுமாதலால், பற்றரி பிரிந்த பின்னரும் எஞ்சின் ஓடும். மின்னாற் பெற்றோலை இறைக்கும் பம்பியும் உடன் இயங்கும். மெதுவாய் ஓடும் எஞ்சினில் டைனமோ தானாகவே விலகியிருத்தலால், அந்நிலையிற் சோதிப்போர் எஞ்சின் நிற்பதைக் கண்டு ஏமாறுவர். டைனமோவுக்குப் பதில் ஆல்ற்றனேற்றர் பூட்டிய வண்டியிலோ, ஓட்டத்திடையே பற்றரியை மட்டும் பிரித்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து அதன் டயோட்டுகள் அழியும். ஆதலின், பற்றரியையும் தீமூட்டற் சுற்றையும் ஒருங்கே துண்டித்து, ஆல்ற்றனேற்றரின் எஞ்சிய மின்னை ஒரு தடையினூடாக வடிக்கும் பன்முனை ஆளிகளையே பந்தயக் கார்களிற் பொருத்துகின்றனர். அவற்றை வெளியிலிருந்தும் இயக்க முடியும். வெள்ளை விளிம்புடைய நீல முக்கோணத்துட் சிவந்த மின்னற் குறி அவ்விடத்தைக் காட்டும்.

மாணவர் ஒரு வேறுபாட்டையும் அறிதல் நன்று. காரின் தீமூட்டற் சுருளுக்குச் செல்லும் மின்னைத் துண்டித்தால் எஞ்சின் நிற்கும். பற்றரியின்றி மக்னீற்றோவினால் இயங்கும் சிறு எஞ்சின்களிலோ, ஆளியை மூடி அதன் மின்னை உடலோடு இணைத்தாலே நிற்கும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே இல்லை. எண்ணெயைத் தடுத்தல் வேண்டும். நிறுத்தும் ஆளி என்பது பெயரால் ஒன்றாயினும், எஞ்சினின் இயல்புக்கேற்ப வேறுபடும்.

எங்கள் பகுதிக்குரிய இடர் ஒன்றையும் கூறல் வேண்டும். கல்முனைக் கரையின் உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் இணைப்புகளிற் களிம்பேற்றும். 0.01 ஓம் தடை ஓரிணைப்பில் ஏறினும், 150 அம்பியர் செல்கையில் 1.5 வோல்ற்று அங்கேயே இழக்கப்படும், இணைப்பும் சூடேறும். ஆதலின் புதிய ஆளியின் முனைகளைத் துலக்கி, இறுக்கி, கிறீசு பூசி, மாரிக்கு முன் ஆண்டுதோறும் பார்த்தல் நலம். ஆளி, சாரதி இருக்கையிலிருந்தவாறே எட்டக்கூடிய இடத்தில் அமைதல் வேண்டும். வண்டியில் ஏறும் வீட்டாரெல்லாம் அதனை அறிந்திருத்தலும் வேண்டும்.

நண்பரின் வண்டி இப்பொழுது திருந்திவிட்டது. பழைய கம்பிகள் மாற்றப்பட்டன, சொலினோயிட்டு பூட்டப்பட்டது, இருக்கையருகே சிவந்த ஆளி ஒன்று அமைந்தது. வேலையைச் செய்து முடித்தவர் சந்தியில் ஓடிவந்த அதே முதியவர். நண்பர் பொத்தானை அழுத்தி எஞ்சினைத் தொடக்கி மகிழ்ந்தார். முதியவரோ எஞ்சினை விரைந்து ஓடவிட்டுச் சிவந்த ஆளியைத் திருப்பி, அது அக்கணமே நின்றதைக் கண்ட பின்னரே கூலியைப் பெற்றுக்கொண்டார்.