கெய்ரோவில் தொடங்கும் கண்டிக் கதை

1885இல் வெளிவந்த ‘அஸன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படுகிறது. எழுதியவர் கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை. கண்டி மாநகர சபையிலும் இருந்தவர். கதையோ எகிப்தில் பிறந்து, களவாடப்பட்டு, பம்பாயில் வளரும் ஒரு பிள்ளையைப் பற்றியது. மலைகளுக்கு நடுவே இருந்தவருக்குக் கெய்ரோ எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்தது?

விடையில் பாதி சுயஸ் கால்வாயில் கிடைக்கும். நெப்போலியனுடன் எகிப்துக்குப் போன அளவையாளர்கள், செங்கடலின் மட்டம் மத்தியதரைக் கடலைவிடப் பத்து மீற்றர் அளவுக்கு உயரம் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1847இல் மறுபடி அளந்ததில், இரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டம் என்பது தெரிந்தது. அதனால்தான் ஒரு மடைக்கதவுகூட இல்லாமல், 160 கிலோமீற்றர் பாலையை வெட்டி 1869இல் இரு கடல்களையும் இணைக்க முடிந்தது. எவ்வளவு பெரிய வியப்பு இது!

செங்கடலின் வடகாற்று பாய்க்கப்பல்களைப் படாதபாடு படுத்தியது; புதிய வழியின் முழுப் பயனும் நீராவிக் கப்பல்களுக்கே போயிற்று. அவற்றுக்கு வழிநெடுக நிலக்கரி வேண்டும். கிழக்கே போன கப்பல்கள் இலங்கையில் தரித்துக் கரி ஏற்றின; கூடவே தபாலும் பத்திரிகைகளும் இறங்கின. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட புகையிரதப் பாதை 1867இலேயே கண்டியை எட்டியிருந்தது. எகிப்தின் செய்தி மலையேறத் தடையில்லை.

1882 செப்டெம்பரில் எகிப்தின் தேசியவாதத் தலைவர் ஒராபி பாஷாவின் படையை ஆங்கிலேயர் தோற்கடித்தனர். டிசெம்பரில் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தொடங்கினார். மறுமாதமே ஒராபி நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். செய்தியில் படித்த மனிதரே நேரில் வந்துவிட்டார்! கல்வி முயற்சிகளில் இருவரும் கைகோத்தனர். கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்காரும் சேர, 1892இல் கொழும்பில் தொடங்கிய மத்ரசாவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அந்த ஆண்டே ஒராபி கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹலொலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு இன்றும் நினைவகமாக இருக்கிறது.

நாவலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, தம் சகோதரியின் துணையோடு சித்திலெப்பை கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிக்கூடமே பெரிதாகப் படுகிறது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பல வீடுகள் தயங்கிய காலம் அது.