ஒட்டவும் வேணும், உரியவும் வேணும்!



விளையாட்டுல விழுந்து முட்டியில போட்ட கட்டு, ரெண்டு நாள்ல புண்ணோட ஒட்டிக்கும். பிய்ச்சா உயிர் போகும்! அம்மா என்ன செய்வாங்க? தண்ணீர் விட்டு ஊற வைப்பாங்க. கட்டு தானா வந்துடும். ஜப்பான் விஞ்ஞானிகளும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நம் உடம்புச் செல்களை ஆய்வகத்தில் பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கிறார்கள். அது பாலிஸ்டைரீன் என்ற பாலிமர். அதில் தண்ணீர் பரவாது, முத்து முத்தாக நிற்கும். செல்களும் சரியாக ஒட்டாது. ஒட்டாவிட்டால் பெரும்பாலான செல்கள் வளராது. அதனால் பிளாஸ்மா என்ற மின்னேற்றம் பெற்ற வாயுவைக் கொண்டு மேற்பரப்பை மட்டும் மாற்றுகிறார்கள். அங்கே ஆக்சிஜன் சேர்கிறது, தண்ணீர் பரவுகிறது. ஊட்டத் திரவத்திலுள்ள புரதங்கள் நன்றாகப் படிகின்றன. செல் பிடித்துக்கொள்வது பிளாஸ்டிக்கை அல்ல, இந்தப் புரதத்தைத்தான்! பிடிக்கும் 'கை'க்குப் பெயர் இன்டெக்ரின்.

சரி, ஒட்டியாச்சு. எடுப்பது எப்படி? டிரிப்சின் என்ற நொதியை ஊற்றுவார்கள். நம் குடலில் புரதத்தைச் செரிக்கிறதே, அதே நொதிதான். அது பிடியை அறுக்கும். ஆனா செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பும் போயிடும். பாய் கேட்டால் கோரை கோரையாகப் பிரித்துக் கொடுத்த கதைதான்!

டோக்கியோவில் டெருவோ ஓக்கானோ குழுவினர் 1990-இல் இதற்கு வழி சொன்னார்கள். தட்டின் மேல் பாலி-என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமரை மிக மெல்லிய படலமாகப் பொருத்தினார்கள். (பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க!) 37 டிகிரி செல்சியஸில் அது சுருங்கி இருக்கும்; செல்கள் ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பும். செல்கள் பிடியை விட்டுவிடும். பாய் முழுசாக, அடியிலுள்ள தன் சொந்தப் பசையோடு வந்துவிடும்!

இதனால் என்ன பயன்? கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல் இருக்கும் கார்னியாவின் ஓரத்தில் குருத்தணுக்கள் உள்ளன. இவை அழிந்தால் கார்னியாவின் மேல்தோல் புதிதாக வளராது, பார்வை மங்கிவிடும். இரண்டு கண்ணிலும் அழிந்துவிட்டால் எங்கிருந்து எடுப்பது? வாயிலிருந்து! கோஜி நிஷிடா குழுவினர் நான்கு நோயாளிகளின் வாயின் உட்தோலில் 3 மில்லிமீட்டர் அளவுத் துண்டை எடுத்து, இந்தத் தட்டில் இரண்டு வாரம் வளர்த்தார்கள். பிறகு 20 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து உரித்து, கண்ணில் வைத்தார்கள். தையலே போடவில்லை. நான்கு பேருக்கும் பார்வை தெளிந்தது. இது 2004-இல் வெளிவந்த செய்தி.

ஒரு வேண்டுகோள். அந்தக் குருத்தணுக்களைச் சுண்ணாம்பும் ஆசிடும் அழித்துவிடும். சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடாதீங்க. கண்ணில் பட்டால் கசக்காமல், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்க; தாமதிக்காமல் டாக்டரிடம் போங்க.



— 10-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு