வீட்டுத் தோட்டத்தில் மின்சாரம்: பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

சாமி மேடைக்கு ஒரு விளக்கு, மீன் தொட்டிக்கு ஒரு சிறிய மோட்டார், தீபாவளிக்கு வண்ண விளக்குச் சரம். இவற்றுக்காகப் பலர் வரவேற்பறை பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைச் சன்னல் வழியாக வெளியே இழுக்கிறார்கள். இரண்டு நாளைக்கு என்று இழுத்த வயர் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பதும் உண்டு. இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

வெளியே ஆபத்து ஏன் அதிகம்?

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் அவ்வாறு தடுக்காது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும்போது, மின்சாரம் உங்கள் உடல் வழியாக எளிதில் தரைக்குப் பாயும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் வயரின் மேலுறை நாளடைவில் வெடித்துவிடும். மேலும், தரையில் கிடக்கும் வயர் காலைத் தடுக்கினால், மூத்தோருக்கு இடுப்பு எலும்பு முறியவும் வாய்ப்புண்டு.

ஃபியூஸ் இருந்தால் போதாதா?

போதாது. பிளக்கினுள் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ், வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. 13 ஆம்பியர் என்பது 13,000 மில்லிஆம்பியர். ஆனால் 30 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் உடலில் தொடர்ந்து பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அதற்கு ஃபியூஸ் எரியாது.

மனிதரைக் காப்பது, மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச். செல்லும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது எப்போதும் கவனிக்கிறது. கசிவு ஏற்பட்டால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

என்ன அமைக்க வேண்டும்?

• தோட்டத்து பிளக்கிற்கு 30 மில்லிஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த அளவுள்ள ஆர்சிசிபி இருக்க வேண்டும். 100 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தால், மனிதரைக் காக்க அது போதாது.
• மழை புகாத, மூடியுள்ள பிளக் பெட்டியைப் பொருத்துங்கள். ஐபி 66 என்ற குறியீடு தூசியும் பலமான நீர்வீச்சும் உள்ளே புகாது என்பதைக் காட்டும்.
• குனியாமல் எட்டும் உயரத்தில், தண்ணீர்க் குழாயிலிருந்து தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள்.
• மண்ணுக்கடியில் செல்லும் வயர், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கவசமுள்ள கேபிளாக இருக்க வேண்டும். அது செல்லும் பாதையைக் குறித்து வையுங்கள். பின்னாளில் மண்வெட்டி படாமல் இருக்கும்.
• சிரிம் முத்திரையுள்ள பொருள்களையே வாங்குங்கள்.

வெளிச்சம் மட்டும் போதுமென்றால், சூரிய சக்தி விளக்குகளே எளிய வழி. அவற்றுக்கு வயர் தேவையில்லை.

யார் செய்ய வேண்டும்?

நீங்களோ, தெரிந்த பையனோ செய்யும் வேலை இதுவன்று. தீபகற்ப மலேசியாவில் இருப்போர், சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளரை அழையுங்கள். அவருடைய பதிவுச் சான்றைப் பாருங்கள். வேலை முடிந்ததும் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

மாதம் ஒரு முறை

ஆர்சிசிபியில் 'டி' என்று குறித்த பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் தோட்டத்து பிளக்கைப் பயன்படுத்தாமல் மின் குத்தகையாளரை அழையுங்கள். ஆர்சிசிபி எல்லா விபத்தையும் தடுக்காது. எனவே மோட்டாரையோ விளக்குச் சரத்தையோ தொடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

யாரையாவது மின்சாரம் தாக்கினால்

1. அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள்.
2. அடைக்க முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் வயரை விலக்குங்கள்.
3. 999 எண்ணை அழையுங்கள்.
4. மூச்சு இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடந்தாலும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் இதயம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.