கல்லாகத் திரும்பும் சுண்ணாம்பு

பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் காமாட்சி அம்மனைக் கும்பிடுவார்கள், ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் பார்ப்பார்கள், அப்புறம் நேரே கடைதான். ஊரின் மேற்குக் கோடியில் இருக்கும் கைலாசநாதர் கோயில்வரை வருகிறவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். பல்லவ மன்னன் ராஜசிம்மன் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. சுற்றுச்சுவரின் உட்பக்கம் முழுக்க வரிசையாகச் சின்னஞ்சிறு சன்னதிகள், மொத்தம் 58.

1931-ல் அந்தச் சன்னதிகளின் சுவர்களை ஒருவர் உற்று உற்றுப் பார்த்தார். ழூவோ துப்ரேய் என்று பெயர். பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர், பல்லவர் கட்டடங்களைத் தேடிப் போய் ஆராய்ந்து எழுதியவர். பிற்காலத்தார் சுவரில் அடித்திருந்த வெள்ளைக்கு அடியில் நிறம் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். காவியும் மஞ்சளுமாகக் கோடுகள், முகங்கள், நகைகள். சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்க நடுவில் குழந்தை முருகன் இருக்கும் சோமாஸ்கந்தர் ஓவியம் அவற்றில் ஒன்று. பல்லவர் காலத்து ஓவியம்!

மழை, வெயில், புழுக்கம் எல்லாம் பார்த்த ஊரில் சுவர்ப்பூச்சு ஒன்று இத்தனை நூற்றாண்டு எப்படித் தாங்கியது? அதற்குச் சுண்ணாம்பின் கதை தெரிய வேண்டும்.

சுண்ணாம்பு செய்யச் சுண்ணாம்புக்கல் வேண்டும். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலே போதும். கல், கிளிஞ்சல் இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட்தான். அதைக் காளவாயில் போட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு பிரிந்து போய்விடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ வாயுவாகக் கிளம்பிப்போய், 56 கிலோதான் மிஞ்சும். மிஞ்சிய இந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் 'புஸ்'ஸென்று சீறி, விரிந்து, மாவாக உதிரும். கொத்தனார்கள் நீற்றுவது என்று சொல்வது இதைத்தான். வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போய்விடாதீர்கள், அந்தச் சூட்டில் தண்ணீர் உண்மையாகவே கொதிக்கும்.

நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசுகிறோம். ஈரம் காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்போம். உண்மையில் அப்போதுதான் சுண்ணாம்பு தன் வேலையைத் தொடங்குகிறது. காளவாயில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, சுட்டு மாவாக்கிய கல், சுவரில் உட்கார்ந்து திரும்பவும் கல்லாகிறது. மேற்பரப்பு சீக்கிரம் கல்லாகிவிடும். தடிமனான சுவரின் உட்பகுதிக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இந்தக் கலவையில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. வெல்லம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாகக் கரையும். வேலூர் வி.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட கலவைகளைச் செய்து சோதித்திருக்கிறார்கள். சேர்த்த பொருள் புளிக்கும்போது கரியமில வாயு வரும் இல்லையா? அது கலவைக்குள்ளேயே இருந்து சுண்ணாம்பு கல்லாக உதவுகிறது என்பது அவர்கள் கருத்து.

இனி கொஞ்சம் இத்தாலிக்குப் போய்வருவோம். அங்கேயும் இதே சுண்ணாம்புதான்.

ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து கான்கிரீட் செய்தார்கள். தண்ணீருக்கு அடியிலும் அது இறுகும். ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் கூரை அந்தக் கான்கிரீட்டால் ஆன கவிகை மாடம். குறுக்களவு 43 மீட்டருக்கு மேல், உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. சுமார் 1,900 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. ஆனால் ரோமப் பேரரசு சரிந்தபின் அந்தப் பக்குவம் கைவிட்டுப் போயிற்று. கட்டடம் கண்முன்னே நிற்கும், கட்டும் வித்தை மட்டும் யாருக்கும் தெரியாது!

மறுமலர்ச்சிக் காலம் என்கிறோமே, அந்த 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்காரர்கள் பழசைத் தேடக் கிளம்பினார்கள். 1416-ல் போஜ்ஜோ என்பவர் இன்றைய சுவிட்சர்லாந்தில் ஒரு மடத்து நூலகத்தைத் துழாவி, விட்ருவியஸ் என்ற ரோமானியப் பொறியாளர் எழுதிய கட்டடக்கலை நூலின் பிரதியை எடுத்தார். எரிமலைச் சாம்பல் விஷயமும் அதில் இருக்கிறது. புரூனெலெஸ்கி என்ற பொற்கொல்லர் ரோமுக்குப் போய் இடிபாடுகளைத் தோண்டித் தோண்டி அளந்தார். புதையல் தேடும் கூட்டம் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்களாம், அவர் வரலாற்றை எழுதிய மனெட்டி சொல்கிறார். அதே புரூனெலெஸ்கிதான் பிறகு ஃபுளோரன்ஸ் தேவாலயத்தின் பிரம்மாண்டமான மாடத்தை 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்தார். அது செங்கல்லாலும் சாந்தாலும் எழும்பியது. ரோமானியர்களின் கான்கிரீட்டை அவரும் பயன்படுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ரோமானிய மன்னன் நீரோவின் தங்க மாளிகைக் கதை. நீரோ செத்தபின் அந்த மாளிகையை மண் போட்டு நிரப்பி, மேலே வேறு கட்டடம் கட்டிவிட்டார்கள். 1480 வாக்கில் தரையில் ஒரு பொத்தல் தெரிய, ஓவியர்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். தீப்பந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுவரெங்கும் ரோமானிய ஓவியங்கள்! பின்னாளில் ஓவியர் ரஃபேலும் இறங்கிப் பார்த்தார். அங்கே மண் மூடிக் காத்தது. காஞ்சியில் வெள்ளையடித்த சுண்ணாம்பு மூடிக் காத்தது. திறந்தபின் தொல்லையும் ஒன்றேதான். காற்றும் ஈரமும் உள்ளே வர, மாளிகை ஓவியங்கள் மங்கத் தொடங்கின. கைலாசநாதர் கோயிலிலும் இன்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் துண்டு துண்டான பகுதிகள்தாம்.

சுண்ணாம்புச் சாந்தின் ரகசியங்களைத் தேடும் வேலை அதோடு முடியவில்லை. 1756-ல் இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன், கடல் நடுவே கலங்கரை விளக்கம் கட்டப் பலவகைச் சுண்ணாம்பைச் சோதித்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்கு அடியிலும் இறுகுகிறது என்று கண்டார். அந்த வழியில் போய்த்தான் 1824-ல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது. ரோமானியக் கான்கிரீட்டையும் ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. அதில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் குழைக்கவில்லை போல என்று வெகுநாள் நினைத்தார்கள். 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். கான்கிரீட்டில் விரிசல் விட்டுத் தண்ணீர் புகுந்தால் அந்தச் சுண்ணாம்புக் கட்டி கரைந்து ஓடி, விரிசலில் கல்லாக உறைந்து அடைத்துவிடும். அப்படிப்பட்ட கட்டிகள் இருக்கும்படி செய்து பார்த்த கான்கிரீட்டில் வேண்டுமென்றே விரிசல் உண்டாக்கித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒழுக்கு நின்றுவிட்டது.

சிமெண்ட் வந்துவிட்டதே, பழைய கோயிலையும் அதைக் கொண்டே பூசினால் என்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் அப்படிப் பூசிய இடங்களும் உண்டு. கைலாசநாதர் கோயிலுக்கு அது ஆகாது. அடித்தளம் கருங்கல் என்றாலும் மேலே பெரும்பகுதி மணற்கல், செதுக்க எளிது, அரிக்கவும் எளிது. கல்லுக்குள் எப்போதும் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் அந்த ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்டோ, வெயிலில் மழைக்கோட்டு மாட்டிவிட்ட மாதிரி. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பூசாத இடமாகப் பார்த்துக் கல் வழியே வெளியேறும். அதிலுள்ள உப்பு அங்கே படிகமாகி விரிந்து, கல்லைச் செதில் செதிலாக உரித்துவிடும். அந்தக் கோயில் தூண்களில் செதுக்கிய சிங்கங்களின் முகமே போய்விடும். அதனால்தான் பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் இன்றும் சுண்ணாம்பைத் தேடிப் போகிறார்கள்.

சுண்ணாம்பு கல்லாகத் திரும்புவதை வீட்டிலேயே பார்க்கலாம், பெரியவர்கள் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணிலோ வாயிலோ படக்கூடாது. வெற்றிலைக்குத் தடவும் வெள்ளைச் சுண்ணாம்பை ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மெதுவாக இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றை இறுக மூடுங்கள், மற்றதைத் திறந்தே வையுங்கள். மறுநாள் திறந்த டம்ளரில் மட்டும் நீர்மேல் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருக்கும். அதை அள்ளி ஒரு தட்டில் வைத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி வரும். ராத்திரி உங்கள் வீட்டுக் காற்றிலிருந்து அது பிடித்த கரியமில வாயுதான் அந்தக் குமிழி.