அளந்து குடிக்கும் நீர்

செம்மண் பூமியில் முந்திரியும் பலாவும் செழித்து நிற்க, வீட்டு வாசல்தோறும் பழுத்த பலாவின் வாசனை கமழும் வைகாசி மாதத்தில், கடலூர் மாவட்டத்து முத்தாண்டிக்குப்பத்துத் திண்ணையொன்றில் அமர்ந்திருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு, தம் தோப்பில் விளைந்த பழத்தின் ஒரு சுளையும் விலக்கப்பட்டதாகிவிடுகிறது. பலாவிலும் இளநீரிலும் நிறைந்துள்ள பொட்டாசியத்தை ஆரோக்கியமான சிறுநீரகம் ஓசையின்றி வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகமோ அதை ரத்தத்திலேயே தேங்கவிடுவதால், அளவு மீறினால் இருதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும்.

அதனினும் பெரிய அவஸ்தை தாகம். முந்தைய தினம் கழிந்த சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய அரை லிட்டர் கூட்டி, அவ்வளவே அன்றைய நீர் என்று வைத்தியர் வகுத்துக் கொடுப்பார். காப்பி, மோர், கஞ்சி, ரசம் யாவும் அக்கணக்கில் அடக்கம். கத்திரி வெயிலில் வரப்பிலிருந்து திரும்பிய மனிதர் ஒரு சொம்பு நீரைப் பார்த்துக்கொண்டே இருக்க நேர்வதைக் காட்டிலும் கடுமையான பத்தியத்தை நான் அறியேன். மனம் தளர்ந்து குடித்துவிட்டால், 'தண்ணி ஏறிடுச்சு' என்று வீட்டார் பதறும்படி மூச்சு முட்டி, இரவெல்லாம் படுக்கவும் இயலாமல் உட்கார்ந்தே கழிக்க வேண்டியதுதான்.

1943-ல் ஹாலந்து தேசத்தில் வில்லெம் கோல்ஃப் அமைத்த, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் யந்திரமும், 1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கண்ட, ரத்தக்குழாயை மீண்டும் மீண்டும் அந்த யந்திரத்தோடு இணைக்க உதவும் குழாய் உபாயமும் சேர்ந்தே, நிச்சய மரணமாயிருந்த நோயை வருஷக்கணக்கில் வாழக்கூடிய நோயாக்கின. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த திரவம், வாரம் மும்முறை என்பது முறை. நம் நாட்டில் பலருக்கு இருமுறையே வாய்க்கிறது.

ஆயுள் நீண்டது சரி, அந்த ஆயுள் எத்தகையது? இதை அளப்பதற்கென்றே 1994-ல் அமெரிக்காவில் ஒரு வினாத்தாள் வகுத்தார்கள். உமது நேரத்தில் எவ்வளவு நோய்க்கே போகிறது, குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டதாக நினைக்கிறீரா என்று அது கேட்கிறது. டயாலிசிஸுக்காகக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போய்வரும் நம் கிராமத்தாரிடம் நான் இன்னொன்றும் கேட்பேன்: துணைக்கு வந்தது யார், அவருடைய அன்றைய கூலி என்னவாயிற்று? தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2016 முதல் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் ஏழைகளுக்கு இலவசமாகவே உதவுகிறது. எனினும் இருவருடைய கூலி இழப்பை எவரும் ஈடுசெய்வதில்லை. வீடு திரும்பியபின் மறுநாள் காலைவரை கையைத் தூக்கவும் சக்தியற்றுக் கிடக்கும் அந்தச் சோர்வைச் சோம்பல் என்று உறவினர் எண்ணிவிடுவது, ஊசி குத்தும் வலியைவிட அதிகமாக நோகும்.

விமோசனம் மாற்றுச் சிறுநீரகந்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971 டிசம்பரில் நம் தேசத்தின் முதல் வெற்றி கிட்டியது. அது வாய்க்கும்வரை, பிரயாணத்தையாவது தவிர்க்க ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் செய்யும் டயாலிசிஸுக்கான பைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. முந்திரி உடைத்த கையின் எண்ணெய்க் கறையைச் சோப்பிட்டு நன்கு கழுவி, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, பையை ஆணியில் மாட்டித் தினம் மூன்று நான்கு தடவை திரவம் மாற்றிக்கொள்ள வேண்டும். அசுத்தம் புகுந்தால் வயிற்றில் சீழ் பிடிக்கும் என்பதால் சிரத்தை இன்றியமையாதது. ஆயினும் கழிவு இடைவிடாமல் நீங்கிக்கொண்டிருப்பதால் ஆகாரக் கட்டுப்பாடு பலருக்குச் சற்றே தளர்கிறது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் சம்மதித்தால், வைகாசியில் ஒரு சுளை உண்ணலாம்.