முதியோர் இல்லமும் அதன் செலவும்

தோட்டக் குடியிருப்பு வேலையோடு சேர்ந்தது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் காலமெல்லாம் உழைத்தவர், ஓய்வு பெற்றபின் அவ்வீட்டை நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டியவராகிறார். பிள்ளைகளோ சுங்கைப்பட்டாணியிலும் பினாங்கிலும் சிறிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். இந்நிலையில், நடமாட்டம் குன்றிய தாய் தந்தையரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்னும் கேள்வி மெர்போக் வட்டாரக் குடும்பங்களுக்கும் எழக்கூடியதே. அதற்கு ஆகும் செலவை முன்கூட்டியே அறிந்து கொள்வது இன்றியமையாததாகும்.

மெர்போக்குக்கு அருகே பீடோங்கில் சமூக நல இலாகாவின் ‘ருமா ஸ்ரீ கெனாங்கான்’ இல்லம் இயங்கி வருகிறது. அங்கே கட்டணம் இல்லை. எனினும், விரும்பிய எவரையும் அங்கே சேர்த்துவிட இயலாது. 60 வயது நிறைந்து, வாரிசும் நிலையான இருப்பிடமும் இன்றி, தொற்றுநோய் இல்லாமல், தம் காரியங்களைத் தாமே செய்து கொள்ளக்கூடிய முதியோர்க்கென ஏற்பட்டது அவ்வில்லம். படுக்கையில் கிடக்கும் ஆதரவற்றோருக்கான ‘ருமா எஹ்சான்’ இல்லங்கள் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் உள்ளன. கெடாவிலிருந்து அயலார் எவரும் சென்று பார்த்துவர அவை தொலைவானவை.

ஆகவே, பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பெரும்பாலும் தனியார் இல்லங்களையே நாட வேண்டியிருக்கும். இங்கேதான் கணக்குத் தவறுகிறது. இல்லத்தார் முதலில் சொல்லும் மாதக் கட்டணம், தாமே நடந்து செல்லும் முதியவருக்குரியதாக இருக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது உயரும். படுத்த படுக்கையானவருக்கு மேலும் உயரும். சேரும்போது கட்டும் முன்பணம், ‘பெம்பர்ஸ்’, பால்மாவு, உணவுக் குழாய் மாற்றுதல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வாகனம், உடன் செல்லும் ஆள் ஆகியவற்றுக்குத் தனியே பணம் கேட்கும் இல்லங்கள் உண்டு.

ஓர் உதாரணம் காண்போம். மாதக் கட்டணம் 2,000 வெள்ளி, பிற செலவுகள் 500 வெள்ளி எனக் கொள்வோம். ஆண்டுக்கு 30,000 வெள்ளியாகிறது. ஊழியர் சேமநிதியில் 48,000 வெள்ளி வைத்திருக்கும் ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு பத்தொன்பது மாதங்களில் கரைந்துவிடும். இருபதாவது மாதம் யார் கட்டுவது என்பதை, உடன்பிறந்தோர் அனைவரும் முதல் மாதத்திற்கு முன்பே கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். பெற்றோரும் அப்பேச்சில் அமர்ந்திருப்பது முறை. பணம் அவர்களுடையது, போகப் போகிறவரும் அவரே.

வீட்டிலேயே வைத்துப் பார்த்துக் கொண்டால் செலவில்லை என்பாரும் உண்டு. மருமகளோ மகளோ தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நின்றால், அவள் இழக்கும் சம்பளமும் சேமநிதிச் சந்தாவும் செலவுதான். அதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி இத்தகைய இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம். கட்டணத்தில் எவை அடங்கும், எவை அடங்கா, முதியவர் இடையில் வீடு திரும்பினாலோ இறந்துவிட்டாலோ முன்பணம் திருப்பித் தரப்படுமா என்பவற்றை எழுத்தில் பெற்றுக் கொள்ளுதல் நலம். வாய்ச்சொல் போதாது.

வசதியற்ற முதியோருக்கு இலாகா வழங்கும் மாதாந்திர உதவித்தொகை 2021இல் 500 வெள்ளியாகவும் 2025இல் 600 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. அதைப் பெறுவோர், இல்லத்திற்கு மாறுமுன் கோலமுடா மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் தெரிவித்து விவரம் அறிந்து கொள்ள வேண்டும். 15999 என்ற ‘தாலியான் காசே’ தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். வருமான வரி செலுத்தும் பிள்ளைகள், பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுகளுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு கோர இயலும். அதற்கு மருத்துவரின் சான்று தேவை. இல்லம் தரும் ரசீதுகளையும் மாதந்தோறும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.